வாசல்ல அரளி வைக்கலாமா?

உங்க வீட்டு வாசல்லயோ, மொட்டை மாடியிலயோ, தோட்டத்து வேலியிலயோ அரளி இருக்கா? இருந்தா இந்த நீண்ட பதிவை நிதானமா படிங்க. இல்லைன்னாலும் படிங்க. ஊருக்குப் போகும்போது நான்கு வழிச்சாலையின் நடுவில் சிவப்பும் வெள்ளையும் ரோஸுமா பூத்து நிற்கிறதே, அதுவும் அரளிதான்.

நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். தோட்டக்கலை படிச்சவன் இல்லை. ஆனா குவார்ட்டர்ஸ் வாசல்ல ரெண்டு வெள்ளரளி, ஒரு செவ்வரளி வளர்க்கிறேன். அரளி விஷத்தோட வருபவர்களை கேஷுவாலிட்டியிலும் பார்க்கிறேன். அதனாலோ என்னவோ, செடியைப் பார்க்கிற எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்கிறாங்க. "டாக்டர், இது விஷமாமே, நீங்களே வச்சிருக்கீங்க?"

ஆமா, விஷம்தான். வேர், தண்டு, இலை, பூ, விதை, பால் எல்லாமே. இருந்தும் வச்சிருக்கேன். வெட்டிப் போட வேண்டிய அவசியம் இல்லை. என்ன செடின்னு தெரிஞ்சு வளர்க்கணும், யாராவது அதைத் தின்னுட்டா வீட்டு வைத்தியத்துல நேரத்தை விடக்கூடாது. அவ்வளவுதான் என் கட்சி.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நாம 'அரளி'ன்னு சொல்றது ரெண்டு வேறு வேறு செடிகளை.

ஒன்று, மாலை கட்டுற அரளி. செவ்வரளி, வெள்ளரளி, ரோஸ் அரளி. தாவரவியல் பெயர் நீரியம் ஒலியாண்டர். இலை நீளமா, தடிப்பா, கரும்பச்சையா இருக்கும். கணுவுக்கு மூணு மூணு இலையா வரும். மத்தியத் தரைக்கடல் பகுதியிலிருந்து நம்ம பக்கம் வரைக்கும் பரவிக் கிடக்கிற பழைய செடி. சங்கப் பாட்டுல வர்ற 'கணவீரம்' இதுதான். வடமொழியில் கரவீரம். திருவாரூர் பக்கத்துல திருக்கரவீரம்னு ஒரு பாடல் பெற்ற தலம் இருக்கு, அங்கே தலமரமே செவ்வரளிதான்.

இன்னொன்று மஞ்சள் அரளி. பொன்னரளின்னும் சொல்வாங்க. மஞ்சள் நிறத்துல குழல் மாதிரி, மணி மாதிரி பூ பூக்கும். இலை இன்னும் மெலிசா, பளபளன்னு இருக்கும். காய் பச்சையா, ஓரம் வச்ச மாதிரி இருந்து பழுத்தா கறுத்துப்போகும். உள்ளே கெட்டியான கொட்டை. இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த செடி. இரண்டும் ஒரே குடும்பம், பங்காளிங்க மாதிரி. விஷமும் ஒரே வகை. ஆனா கேஷுவாலிட்டியில என்னை அதிகம் பயமுறுத்துறது இந்த மஞ்சள் அரளிதான். காரணம் அந்தக் கொட்டை. விஷம் அதுல அடர்த்தியா இருக்கு. சின்னப் பிள்ளைங்க கையில எடுத்து விளையாடுற அளவுக்கு அழகாவும் இருக்கு.

இனி வளர்ப்பு. அரளி மாதிரி சொன்ன பேச்சு கேட்கிற செடி எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை. நல்ல வெயில் மட்டும் கொடுங்க. அரைநாள் வெயிலாவது நேரா படணும். நிழல்ல வச்சா சாகாது, ஆனா வெளிச்சத்தைத் தேடி நெட்டையா ஓடும், இலை மட்டும் இருக்கும், பூ இருக்காது. "என் அரளி பூக்கவே மாட்டேங்குது"ன்னு சொல்றவங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க, பாதிப்பேர் வீட்டுல மாமர நிழல்ல நின்னுட்டிருக்கும்.

மண்ணுக்கு அது அலட்டிக்காது. செம்மண், கரிசல், கொஞ்சம் உப்பு ஏறின மண், கடலோர மணல் எல்லாத்துலயும் நிற்கும். போர்த்தண்ணி உப்பா இருந்து ரோஜா கருகிப்போற வீட்டுல அரளி பூத்துக் குலுங்கும். ஒரே நிபந்தனை, அடியில தண்ணி தேங்கக்கூடாது. தொட்டியில வளர்க்கிறவங்க செய்ற பெரிய தப்பு, தினமும் காலையும் மாலையும் தண்ணி ஊத்துறது. அடி இலை மஞ்சளாகிக் கொட்டினா, "தண்ணி பத்தலை போல"ன்னு இன்னும் ஊத்துவாங்க. விரலை மண்ணுல ஒரு அங்குலம் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா குவளையைக் கீழே வையுங்க. தரையில வேர் ஊன்றின செடிக்கு முதல் வருஷம் தாண்டிட்டா கோடையில வாரம் ஒருமுறை ஊத்தினாலே அதிகம்.

ஏன் இவ்வளவு வறட்சி தாங்குது? பிளஸ் டூ தாவரவியல் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வறண்ட நிலத் தாவரத்தோட இலைக்கு உதாரணம்னு நீரியம் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் படம் வரைஞ்சிருப்போம். மேல தடிப்பான மெழுகுப் படலம், பல அடுக்குத் தோல். இலைத்துளைகள் மேலாக இல்லாம, அடிப்பக்கத்துக் குழிகளுக்குள்ளே ஒளிஞ்சிருக்கும். குழிக்குள்ள பொடி ரோமம் வேற. காத்து அடிச்சாலும் உள்ளே இருக்கிற ஈரம் சீக்கிரம் வெளியே போகாது. பத்து மார்க்குக்காக வரைஞ்ச படம், இப்ப வாசல்ல நிற்குது. நெடுஞ்சாலை நடுவில் அரளியை நடுறதுக்கும் இதுதான் காரணம். தண்ணி லாரி வராட்டியும் பிழைக்கும், புகை தூசு தாங்கும், எதிர்வண்டி விளக்கு வெளிச்சத்தை மறைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது.

ஜப்பான்ல ஹிரோஷிமா நகரத்தின் மலர் எது தெரியுமா? அரளி. 1945-ல் அணுகுண்டு விழுந்து எரிஞ்ச மண்ணுல முதல்ல பூத்த செடிகள்ல ஒன்னுன்னு அந்த ஊர்க்காரங்க அதைக் கொண்டாடுறாங்க. அப்படிப்பட்ட செடி உங்க மொட்டை மாடி வெயிலுக்கா வாடப்போகுது?

புதுச்செடிக்கு நர்சரிக்குப் போகவேண்டாம். பக்கத்து வீட்டுல ஒரு கிளை கேளுங்க. ரொம்ப இளசும் வேண்டாம், ரொம்ப முத்தினதும் வேண்டாம். பென்சில் தடிமன்ல, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியில இருக்கிற இலைகளை எடுத்துட்டு, மணல் கலந்த மண்ணுல ரெண்டு கணு புதையற மாதிரி நட்டு நிழல்ல வையுங்க. சில வாரத்துல வேர் பிடிச்சுடும். சிலர் கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுல குச்சியைப் போட்டு வேர் விட வைப்பாங்க. அதுவும் நல்லா வரும். ஆனா தயவுசெஞ்சு அந்த டம்ளரைச் சமையலறை ஜன்னல்ல வைக்காதீங்க. குச்சி ஊறின அந்தத் தண்ணியிலயும் விஷம் இறங்கும். டம்ளர்ல இருக்கிறது குடிக்கிற தண்ணின்னுதான் பிள்ளைங்க நினைக்கும். பழைய பெயிண்ட் டப்பா மாதிரி, யாரும் வாய் வைக்கத் தோணாத பாத்திரமா பார்த்து வையுங்க.

அரளி வளர்ப்புல உண்மையான வேலைன்னு ஒன்னு இருந்தா அது கவாத்துதான். பூ புதுத்தளிரோட நுனியில வரும். வெட்டாம விட்டா உயரமா போய், மேல நாலு பூ, கீழே வெறும் குச்சின்னு நிற்கும். மழைக்காலம் முடிஞ்சு தை மாசம் வாக்குல மூணுல ஒரு பங்கு உயரத்தைக் குறைச்சு வெட்டிடுங்க. வெட்டின இடத்துக்குக் கீழே ரெண்டு மூணு கிளை புதுசா பிரியும், ஒவ்வொன்னும் பூக்கும். கோடையில செடியே தெரியாது, பூதான் தெரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை தொழு உரம் போதும். யூரியாவை அள்ளிப் போட்டா இலைதான் செழிக்கும்.

பூச்சி? வரும். தளிர் நுனியில மஞ்சளா, பொடிப்பொடியா அசுவினி அப்பிக்கிடக்கும். தண்ணியை வேகமா பீய்ச்சி அடிச்சாலே பாதி போயிடும், மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். இந்த அசுவினி அரளியோட விஷத்தைக் குடிச்சு, அதைத் தன் உடம்புலயே சேர்த்து வச்சுக்கும், தன்னைத் தின்ன வர்றவங்களுக்காக. சில சமயம் விரல் தடிமன்ல, கண்ணு வரைஞ்ச மாதிரி நீலப் பொட்டு வச்ச பச்சைப் புழு இருக்கும், அது ஒரு அந்துப்பூச்சியோட புழு. இலைக்கு அடியில வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னுற கூட்டுப்புழு தொங்கினா அதை விட்டுடுங்க. நம்ம ஊர்ல சாதாரணமா பறக்கிற ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி அதுலேர்ந்து வரும். நான் இதுவரைக்கும் அரளிக்கு ரசாயன மருந்து அடிச்சதே இல்லை.

இவ்வளவு நல்ல செடிக்கு ஏன் இந்தப் பாழாப்போன விஷம்னு கேட்டா, செடியின் பக்கம் நின்னு பாருங்க. அதுக்குக் காலும் இல்லை, முள்ளும் இல்லை. ஆட்டுவாய்க்குத் தப்ப அது கண்டுபிடிச்ச வழி அது.

அந்த விஷம் என்ன செய்யும்? இதயத்தோட ஒவ்வொரு செல்லுலயும் ஒரு பம்ப் இருக்கு. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதை அரளி விஷம் நிறுத்திடும். இதயத்துல மின்சாரம் ஓடுற வழி குழம்பும். துடிப்பு தாறுமாறா குறையும், நடுநடுவே நிற்கும், சிலருக்குத் தப்பான தாளத்துல ஓடும். வேடிக்கை என்னன்னா, இதே வகை சரக்கை நாங்க மாத்திரையா கொடுக்கிறோம். இதய நோயாளிகள் சிலர் சாப்பிடுற டிஜாக்சின் மாத்திரை அரளிக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம். அது வேற ஒரு பூச்செடியிலிருந்து வந்தது. வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மாத்திரையில அளவு மைக்ரோகிராம் கணக்கு. அதுலயே கொஞ்சம் கூடினா ஆபத்து. செடியில அளவு யார் கணக்கு வச்சது? ஒவ்வொரு செடிக்கும், ஒவ்வொரு காய்க்கும் மாறும்.

அதனால "எவ்வளவு சாப்பிட்டா ஆபத்து டாக்டர்?"னு கேட்டா நான் பதில் சொல்றதே இல்லை. ஒரு எண்ணைச் சொன்னா, "அதை விடக் கம்மியாத்தானே தின்னான்"னு வீட்டுலயே உட்கார்ந்துடுவாங்க.

ஒரு பாட்டியைப் பத்திச் சொல்லணும். அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஊர், வருஷம் சொல்லலை. மத்தியானம் மூணு மணி இருக்கும், ஓபி முடிஞ்சு கேஷுவாலிட்டியில உட்கார்ந்திருந்தேன். ஆறு வயசுப் பேத்தியை இடுப்புல தூக்கிட்டு, பக்கத்து வீட்டுப் பையனோட பைக்குல வந்து இறங்கினாங்க. பிள்ளை சிரிச்சுட்டு இருந்தது. நான் சளி, காய்ச்சல்னு நினைச்சேன். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜை மேல வச்சாங்க. மஞ்சள் அரளிக் காய், உடைச்ச கொட்டை ஒன்னு, கடிச்ச பாதி பருப்பு.

"சொப்பு வச்சு விளையாண்டுதுங்க சாமி. இது பாயசத்துக்கு முந்திரிப்பருப்புன்னு சொல்லிக் கடிச்சிருக்கு. எம்புட்டுத் தின்னுச்சுன்னு தெரியல. அதான் கெடந்ததை அள்ளிட்டு வந்துட்டேன்."

வீட்டுல யாரும் எதுவும் கொடுத்தீங்களான்னு கேட்டேன். "பக்கத்துல சாணியைக் கரைச்சு ஊத்தச் சொன்னாக. நான் ஊத்தல. வண்டியை எடுறான்னுட்டேன்"னாங்க.

அந்தப் பிள்ளைக்கு அரை மணி நேரத்துல வாந்தி ஆரம்பிச்சது. நாடித்துடிப்பு ஆறு வயசுப் பிள்ளைக்கு இருக்கவேண்டியதை விட நல்லாவே குறைஞ்சது. ஈசிஜி-யில மாற்றம் தெரிஞ்சது. கையில ஊசி குத்தி, அட்ரோபின் கொடுத்து, 108-ல மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ்லயும் மானிட்டர் ஓடிட்டே போனது. மூணு நாள் ஐசியூ-ல இருந்துட்டு, அடுத்த வாரம் பாட்டியோட வந்து ஓபி வாசல்ல நின்னு கைய ஆட்டிச்சு. எங்க திறமை அதுல கொஞ்சம்தான். காயை முந்தானையில முடிஞ்சுட்டு நேரா வண்டி ஏறின அந்தக் கிழவியோட புத்திதான் மிச்சம் எல்லாம். அந்தக் காய் இல்லாம வந்திருந்தா, சிரிச்சுட்டிருந்த பிள்ளைக்கு அந்த நேரத்துல நான் ஈசிஜி எடுத்திருப்பேனா, சொல்ல முடியாது.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, பிள்ளை வரும்போது நல்லா இருந்தது. அரளியோட மோசடியே அதுதான். முதல்ல ஒன்னும் தெரியாது. அப்புறம் வாந்தி, வயித்துவலி, வயித்துப்போக்கு, மயக்கம்னு போகும். இதயத் துடிப்பு குழம்பறது பல மணி நேரம் கழிச்சுக்கூட வரலாம். "வாந்தி எடுத்துட்டான், எல்லாம் வெளியே வந்துடுச்சு, நல்லா பேசறான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்"னு கையெழுத்துப் போட வர்ற சொந்தக்காரங்ககிட்ட நாங்க மல்லுக்கட்டுறது இதுக்குத்தான். ஒரு நாளாவது மானிட்டர்ல இருக்கட்டும்னு டாக்டர் சொன்னா இருங்க. பெட் காலி இல்லாம தரையில பாய் போட்டுப் படுக்கவேண்டி வந்தாலும் இருங்க.

உப்புத் தண்ணி, புளித் தண்ணி, சோப்புத் தண்ணி, சாணிக் கரைசல் எதுவும் வாயில ஊத்தாதீங்க. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. மயக்கத்துல இருக்கிறவருக்கு அது நுரையீரலுக்குள்ள போனா, அரளியைச் சமாளிச்சாலும் நிமோனியாவைச் சமாளிக்க முடியாது. வாயில மிச்சம் இருந்தா வெளியே எடுத்துட்டு, வாயைக் கொப்பளிக்க வச்சுட்டு, இலையோ காயோ ஒரு துண்டை எடுத்துட்டு, 108-ஐக் கூப்பிடுங்க. வண்டி இருந்தா அதுலயே கிளம்புங்க. பக்கத்துல இருக்கிற, ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு முதல்ல போங்க.

மாற்று மருந்து உண்டா? உண்டு. டிஜாக்சினுக்கு எதிரா செம்மறி ஆட்டு உடம்புல உருவாக்கி எடுக்கிற எதிர்ப்பொருள். அது அரளி விஷத்தையும் பிடிச்சு முடக்கும். இலங்கையில மஞ்சள் அரளி விஷத்துக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் லான்செட் இதழில் வந்தது, பலன் நல்லாவே தெரிஞ்சது. ஆடு தொடாத செடிக்கு ஆடே மருந்து கொடுக்குது. ஆனா விலை சாமானியன் தொட முடியாத உயரம். நம்ம ஊர்ல பெரும்பாலான ஆஸ்பத்திரிகள்ல கிடைக்கிறதில்லை. எங்க கையில இருக்கிறது கரி மருந்து, அட்ரோபின், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துற மருந்துகள், பெரிய ஆஸ்பத்திரியில தற்காலிக பேஸ்மேக்கர். இவை எல்லாமே நேரத்துக்கு வந்தவங்களுக்குத்தான் நல்லா வேலை செய்யும்.

வேணும்னே சாப்பிட்டு வர்றவங்களும் உண்டு. அதை மறைச்சு எழுத விரும்பலை. அவங்களைக் கூட்டிட்டு வர்ற வழியில திட்டாதீங்க, "ஏன் இப்படிப் பண்ணின"ன்னு விசாரணை நடத்தாதீங்க. போலீஸ் கேஸுக்குப் பயந்து "தெரியாம சாப்பிட்டுட்டாங்க"ன்னும், "வயித்துவலி"ன்னும் மாத்திச் சொல்லாதீங்க. என்ன சாப்பிட்டாங்கன்னு உண்மையைச் சொன்னாத்தான் வைத்தியம் சரியா நடக்கும். பிழைச்சு எழுந்து உட்கார்ந்த பல பேர், "அந்த நேரத்துல யாராவது ஒரு பத்து நிமிஷம் பேசியிருந்தா" என்று சொல்லிக் கேட்டிருக்கேன். இதைப் படிக்கிற நீங்களே அப்படி ஒரு நிலையில் இருந்தா, 104-க்கோ, டெலிமானஸ் 14416-க்கோ கூப்பிடுங்க. இல்லை, எந்த நேரமானாலும் அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டிக்கு வந்து "மனசு சரியில்லை"ன்னு சொல்லுங்க. அதுவும் எமர்ஜென்சிதான்.

2024 மே மாசம் கேரளாவுல அரளி இலையை மென்றதால ஒரு இளம்பெண் இறந்ததாகச் செய்தி வந்தது. அதுக்கப்புறம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ வேண்டாம்னு முடிவெடுத்தாங்க. சரியான முடிவுன்னுதான் நினைக்கிறேன். சாமிக்கு மாலையா சாத்துறதுல பிரச்சினை இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மனுக்குச் செவ்வரளி சாத்தலைன்னா எங்க வீட்டுலயே ஒத்துக்க மாட்டாங்க. சேலம் பனமரத்துப்பட்டி பக்கம் விடியுறதுக்கு முன்னாடி அரளி மொட்டு பறிச்சுத்தான் பல குடும்பம் பிழைக்குது. ஆனா வாயில போடுற பொருளோட அரளிப்பூ கலக்கக்கூடாது. பிரசாதத் தட்டுல, தீர்த்தச் சொம்புல, பொங்கல் தொன்னையில அரளி இதழ் வேண்டாம். பூ கட்டுற அக்காமார்களுக்கு ஒரு விஷயம்: நாரைப் பல்லுல கடிச்சு இழுக்கிற பழக்கம் அரளி கட்டும்போது வேண்டாம். கட்டி முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு டீ குடிங்க.

தொட்டாலே விஷமான்னு கேட்கிறாங்க. இல்லை. பால் பட்டா சிலருக்குத் தோல் அரிக்கும், கண்ணுல பட்டா எரியும். வெட்டும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கங்க. வெட்டின கழிவைத்தான் கவனிக்கணும். பச்சை அரளியைத் தொடாத ஆடு, வாடிக் கிடக்கிற இலையை மத்த தழையோட சேர்த்துத் தின்னுடும். காய்ஞ்சாலும் விஷம் போகாது. அதனால தெருவுல கொட்டாதீங்க, குழி வெட்டிப் புதைங்க. எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகை ஆகாது. குச்சியைப் பல் துலக்கவோ, சோளக்கருது சுடவோ, அடுப்பெரிக்கவோ எடுக்காதீங்க.

வீட்டுல தவழுற பிள்ளை, எதையும் வாயில வைக்கிற வயசுல இருந்தா, மஞ்சள் அரளி இருக்கக்கூடாதுன்னே சொல்வேன். பெரிய மரமா நின்னு வெட்ட மனசு வரலைன்னா, காயைப் பிஞ்சுலயே பறிச்சுப் புதைச்சுடுங்க, கீழே விழுந்ததை தினமும் பொறுக்குங்க. செவ்வரளி, வெள்ளரளியைப் பிள்ளைங்க விளையாடுற பக்கம் இல்லாம, சுற்றுச்சுவர் ஓரமா வையுங்க. குழந்தை பெரிசாகுற வரைக்கும் வாசலுக்கு இட்லிப்பூவோ செம்பருத்தியோ போதும். அதுங்களும் வருஷம் முழுக்கப் பச்சையா நின்னு பூக்கும்.

உங்க செடியோட இலையையும் காயையும் படம் எடுத்துப் போடுங்க, எந்த அரளின்னு சொல்றேன். இன்னைக்கு நைட் டூட்டி. பதில் காலையிலதான் வரும்.